பஸ்ஸை நிறுத்திய சோப்பு டப்பா

அறுபதுகளின் பிற்பாதி. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். காக்கிச் சட்டை, தோல் பை, வாயில் விசில், காதில் பென்சில். அந்தக் காதைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். பென்சில் செருகுவதைத் தவிர வேறு வேலைக்கு அது அவ்வளவாகப் பயன்பட்டதில்லை.

சின்ன வயதில் இரண்டு காதிலும் சீழ் வடிந்துகொண்டே இருந்தது. எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள். பச்சிலை பிழிந்துவிட்டார்கள். ஒரு வழியாகச் சீழ் நின்றது. கூடவே கேட்பதும் பாதிக்கு மேல் நின்றுபோயிற்று. முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. பக்கத்தில் வந்து உரக்கச் சொன்னால் கேட்கும். சாதாரணமாகப் பேசினால் வாய் அசைவது மட்டும் தெரியும், கண்ணாடித் தொட்டியில் மீனைப் பார்ப்பது மாதிரி.

செவிடனுக்கு எவன் கண்டக்டர் வேலை கொடுத்தான் என்று கேட்பீர்கள். நான் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? தவிர, பஸ்ஸைப் போல எனக்கு ஏற்ற இடம் வேறு கிடையாது. அந்தக் காலத்து எஞ்சின் போடும் இரைச்சலில், ஏறுகிறவர்கள் எல்லோரும் தொண்டை கிழியக் கத்தித்தான் ஊர் பெயரைச் சொல்ல வேண்டும். உலகமே கத்துகிற இடத்தில் நானும் நல்ல காதுக்காரன்தான். மிச்சத்தை வாயைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். விக்கிரவாண்டி என்று சொல்கிற வாயும் கூட்டேரிப்பட்டு என்று சொல்கிற வாயும் ஒன்றாக இருக்குமா என்ன?

இன்னொரு தந்திரமும் இருந்தது. ஓயாமல் நானே பேசிக்கொண்டிருப்பேன். ஏறுகிறவரைக் கிண்டல், இறங்குகிறவரைக் கிண்டல், மூட்டையைக் கிண்டல், மூட்டைக்குள் இருக்கும் கோழியைக் கிண்டல். பேசிக்கொண்டே இருப்பவனிடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அப்படியும் யாராவது கேட்டு, அது எனக்குப் புரியாவிட்டால், கைவசம் சில பதில்கள் தயாராக இருக்கும். "பாத்துக்கலாம்" என்பது ஒன்று. "அதான் நானும் சொல்றேன்" என்பது இன்னொன்று. இரண்டும் சரிப்படாத இடத்தில் பல்லைக் காட்டிச் சிரித்துவிடுவேன். இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பிழைத்திருக்கிறேன். வேடிக்கையான ஆள் என்று பெயர் வேறு.

இதே மூலதனத்தில் கல்யாணமும் செய்துகொண்டேன். பெண் பார்க்கப் போனபோது பெண் என்னைப் பார்த்து ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள். என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள்.

என் மனைவிக்குச் சன்னக் குரல். கொடுமை என்னவென்றால், பஸ்ஸில் கத்துகிறவர்கள் எல்லோரும் எனக்கு யாரோ. வீட்டில் எனக்காகப் பேசுகிறவள் ஒருத்திதான், அவள் பேசுவது கேட்காது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசுவாள், முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவாள், விளக்கை அணைத்தபின் பேசுவாள். நான் ஒருநாள் சிரிப்பேன், ஒருநாள் பாத்துக்கலாம் என்பேன். முதலில் அவளும் சிரித்தாள். பிறகு முறைத்தாள். பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் கல்யாணத்துக்கு முன்னே மறைத்ததைப் பின்னே எப்படிச் சொல்வது? செவிடனைக் கட்டிவைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று மாமனார் வீட்டில் எழுந்து நின்றால்? பஸ் முதலாளி காதுக்குப் போனால்? இப்படியே குழந்தையும் பிறந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஓய்வு நாள். குழந்தை எனக்குப் பின்னால் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் பேப்பரில் கேலிப் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் குடத்தை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். திரும்பிப் பார்த்தால் குழந்தை அழுது அழுது முகம் நீலம் பூத்துக் கிடக்கிறது. தெருக்கோடி வரை கேட்ட அழுகை, முழத் தூரத்தில் இருந்த எனக்குக் கேட்கவில்லை. அவள் குழந்தையை வாரி எடுத்து, என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடு துடித்ததால் ஒன்றும் பிடிபடவில்லை. கோபமாக இருக்கிறாள், சமாதானமாக ஏதாவது சொல்வோம் என்று சிரித்த முகத்தோடு சொன்னேன்:

"அதான் நானும் சொல்றேன்."

அன்று சாயங்காலமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். அவள் என்ன கேட்டாள் என்பது ஒரு வாரம் கழித்து மைத்துனன் என் பஸ்ஸில் ஏறிக் கத்தியபோதுதான் தெரிந்தது.

"இன்னா மாமா, உனக்கு மனசுன்னு ஒண்ணு கீதா? நான் செத்தாதான் திரும்பிப் பாப்பியான்னு அக்கா கேட்டுச்சாம். அதான் நானும் சொல்றேன்னு சொன்னியாமே! சிரிச்சுக்கினு சொன்னியாமே! அது இனிமே அங்க வராது. நீ வண்டியையே கட்டிக்கினு அழு!"

அவன் இறங்கிப் போன பிறகு நான் நெடுநேரம் விசில் ஊதவில்லை. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வாழ்நாளில் எத்தனையோ அசட்டு வேடிக்கை பேசியிருக்கிறேன். இப்படி ஒன்றைப் பேசியிருப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

இந்த நிலையில்தான் ஒருநாள் அந்த டீச்சரம்மா என்னிடம் வந்தார்.

திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்குகிறவர். அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். கடுகடுவென்ற முகம். என் வேடிக்கைப் பேச்சுக்கு ஒருநாளும் சிரித்ததில்லை. அன்று விழுப்புரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அவர் மட்டும் இறங்காமல் என் எதிரே வந்து நின்றார். வகுப்பு நிறையப் பெண்களுக்குக் கேட்கப் பேசிப் பழகிய தொண்டை. ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"கண்டக்டர், உங்க சட்டை பின்னால கிழிஞ்சிருக்கு. கூட்டேரிப்பட்டுல சொன்னேன். விக்கிரவாண்டியில சொன்னேன். மூணாவது தடவை சொன்னப்ப முன் சீட்டு பொம்பளைங்க எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க உங்க ஜோக்குக்குத்தான் சிரிக்கிறாங்கன்னு நெனச்சு இன்னும் ஒரு ஜோக் சொன்னீங்க. எத்தனை வருஷமா காது கேக்கல?"

"பாத்துக்கலாம் டீச்சரம்மா" என்றேன். பழக்க தோஷம்.

"என்னத்தப் பாப்பீங்க? வாயில துண்டப் போட்டுக்கினு ஒருத்தர் விழுப்புரம்னு சொன்னா விக்கிரவாண்டிக்குக் கிழிச்சுக் குடுக்கறீங்க. மழைக்குப் படுதாவ இறக்கிட்டா இருட்டுல ஒருத்தர் வாயும் தெரியாம முழிக்கிறீங்க. நான் ரொம்ப நாளா பாத்துக்கினுதான் வர்றேன்."

அவர் கேட்ட விதத்தில் இரக்கம் கொஞ்சமும் இல்லை. கணக்கு தப்பாகப் போட்ட பிள்ளையை நிறுத்திக் கேட்பது போலத்தான் கேட்டார். அதனாலோ என்னவோ, யாரிடமும் சொல்லாததை அந்த வெறும் பஸ்ஸில் நின்றுகொண்டு சொல்லிவிட்டேன். பெண்டாட்டி போனதையும் சொன்னேன். அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு வாங்க. வரும்போது பழைய சோப்பு டப்பா ஒண்ணு எடுத்துக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சோப்பு டப்பா எதற்கு? குளித்துவிட்டு வா என்று நாசூக்காகச் சொல்கிறாரோ என்று நினைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நன்றாகக் குளித்துவிட்டே போனேன்.

விஞ்ஞானக் கண்காட்சிக்காகப் பெண்களோடு சேர்ந்து அவர் சின்னச் சின்ன மின் கருவிகள் செய்துகொண்டிருந்தார். பட்டணத்துப் பழைய சாமான் கடையில் பொறுக்கி வந்த சரக்கு மேசை முழுக்கப் பரப்பிக் கிடந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எங்கள் ஊர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பருப்பு அளவு. அதற்கு மூன்று கம்பி மீசை.

"இதான் டிரான்சிஸ்டர்."

டிரான்சிஸ்டர் என்றால் தோளில் மாட்டிக்கொண்டு போகும் ரேடியோ என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். "இதுல எப்படி டீச்சரம்மா பாட்டு வரும்?" என்றேன்.

"பாட்டு வராது. அந்த ரேடியோவுக்குள்ள இருக்கறது இதுதான். மூணு காலு. இது எமிட்டர், நடுவுல பேஸ், இது கலெக்டர்."

"நம்ம ஜில்லா கலெக்டரா?"

முதல் முறையாக அவர் முகத்தில் லேசாக ஒரு அசைவு. "அப்படியே வெச்சுக்குங்க. நடுவுல ஒரு சின்ன குமாஸ்தா பேனாவ அசைச்சாத்தான் கலெக்டர் ஆபீஸ்ல எதுவும் நகரும். இதுவும் அப்படித்தான்."

பிறகு எனக்குப் புரிகிற பாஷைக்கு வந்தார். எமிட்டர்தான் திண்டிவனம் என்று வைத்துக்கொள், கலெக்டர் விழுப்புரம். நடுவில் பேஸ் என்பது சின்ன நிறுத்தம், பேருக்கு ஒரு மெல்லிய தகடு. திண்டிவனத்தில் ஏறிய கூட்டத்தில் யாரோ ஒருத்தன்தான் நடுவில் இறங்குவான், மற்ற அத்தனை பேரும் நேரே விழுப்புரம். ஆனால் இந்த வண்டிக்கு ஒரு விசித்திரச் சட்டம் உண்டு: அந்த ஒருத்தன் நடுவில் இறங்கினால்தான் மற்றவர்கள் விழுப்புரம் போக முடியும். அவன் இறங்காவிட்டால் வண்டியே கிளம்பாது. ஒருத்தன் இறங்கினால் ஐம்பது பேர் போவார்கள். இரண்டு பேர் இறங்கினால் நூறு பேர்.

"மைக்குல பேசுனா துளியூண்டு கரண்டுதான் வரும். அந்தத் துளியை பேஸ்ல குடுத்தா, அது ஏறி இறங்குற மாதிரியே கலெக்டர் பக்கம் பெரிய கரண்டு ஏறி இறங்கும். அவ்வளவுதான் விஷயம்."

"அப்ப அந்தப் பெரிய சத்தம் எங்கிருந்து வருது? பேசறவங்க தொண்டையிலிருந்தா?"

"பாட்டரியிலிருந்து. பேசறவங்க மெதுவாத்தான் பேசுவாங்க. அவங்க சொல்றபடி பாட்டரி கத்தும்."

பெண்டாட்டி மெதுவாகச் சொல்ல, பாட்டரி என்னைப் பார்த்துக் கத்தும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஒன்று போதாது என்று மூன்று வைத்தார். முதலாவது கத்தியதை இரண்டாவது வாங்கி அதைவிட உரக்கக் கத்தும். அதை மூன்றாவது வாங்கி ஊரைக் கூட்டும். எங்கள் பஸ்ஸில் புரளி பரவுவதும் இதே முறையில்தான். பேச்சே இல்லாதபோதும் பேஸுக்குக் கொஞ்சம் கரண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்றார். இல்லாவிட்டால் பாதிப் பேச்சு வெட்டுப்பட்டுக் கரகரக்குமாம். "வண்டிய அணைக்காம உறுமவிட்டு வெச்சிருப்பீங்கல்ல, கியர் போட்டதும் கிளம்பறதுக்கு? அது மாதிரி." ஈயம் பற்றவைக்கும்போது என்னிடம் ஒரு மூக்குக் குறட்டைக் கொடுத்து டிரான்சிஸ்டரின் காலை இறுகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சூடு குறட்டுக்குப் போய்விட வேண்டும், உள்ளே ஏறக் கூடாது.

"இதுக்கு எமன் சூடுதான். சூடானா கரண்டு அதிகமா ஓடும். ஓடினா இன்னும் சூடாகும். அப்புறம் இன்னும் ஓடும். கடைசியில தன்னையே எரிச்சுக்கும். அதுக்காகத்தான் எமிட்டர் கால்ல ஒரு தடை போட்டு வெச்சிருக்கேன். ரொம்ப ஓட நெனச்சா அது இழுத்துப் பிடிக்கும்."

"என் வாய்க்கும் அப்படி ஒண்ணு போட்டு விடுங்க டீச்சரம்மா."

"அவ்வளவு பெரிய தடை கடையில கிடைக்காது" என்றார். அன்றுதான் அவரும் வேடிக்கை பேசுவார் என்று தெரிந்தது.

எல்லாம் சோப்பு டப்பாவுக்குள் அடங்கியது. மூடியில் ஓட்டை போட்டு மைக். அங்கிருந்து ஒரு மெல்லிய கம்பி. அதன் நுனியில் காதில் செருகிக்கொள்ளும் குமிழ். செருகினார். சின்ன விசையைத் தள்ளினார்.

என் சட்டை உரசுவது புயல் போலக் கேட்டது. ஜன்னலில் காகம். வெளியே யாரோ வாளியை வைத்தார்கள். மேசையில் டீச்சரம்மாவின் வளையல் பட்டது. இவ்வளவு சாமான்கள் உலகத்தில் சத்தம் போடுகின்றனவா என்று வாயைப் பிளந்துகொண்டு, "டீச்சரம்மா! எல்லாம் கேக்குது!" என்றேன். சொன்ன மறுகணம் காதைப் பொத்திக்கொண்டேன். அப்படி ஒரு நாராசமான குரல்!

"அது உங்க குரல்தான்" என்றார் டீச்சரம்மா. "ஆறு மாசமா நாங்க கேட்டுக்கினு வர்றோம்."

பதிலுக்கு என்ன செய்யட்டும், தினமும் ஜன்னலோர சீட் பிடித்து வைக்கட்டுமா என்று கேட்டேன். "சீட்டெல்லாம் வேணாம். காலையில ஒரு நடையாவது பேசாம வாங்க. போதும்" என்றார். ஒத்துக்கொண்டேன். கிளம்பும்போது ஒன்று மட்டும் எச்சரித்தார். காதுக் குமிழை மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. குமிழில் வருகிற சத்தம் மைக்குக்குள் போகும், அது பெரிதாகிக் குமிழில் வரும், மறுபடியும் மைக்குக்குள் போகும். சுற்றிச் சுற்றிப் பெரிதாகி வீல் என்று அலற ஆரம்பித்துவிடும். சரி சரி என்றேன்.

என் திட்டம் இதுதான். பத்து நாள் பஸ்ஸில் ரகசியமாகப் பழகிக்கொள்வது. பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு மாமனார் ஊருக்குப் போவது. பெண்டாட்டி முதுகைக் காட்டிக்கொண்டு திட்டினாலும் டாண் டாண் என்று சரியான பதில் சொல்லி அழைத்து வந்துவிடுவது. காது கேட்காத கதையே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. சோப்பு டப்பாவைச் சட்டைப் பைக்குள் போட்டு, கம்பியைக் காலருக்குள் விட்டு, தலையோடு காதையும் மூடித் துண்டைக் கட்டிக்கொண்டேன். பல்வலியா என்று டிரைவர் கேட்டார். ஆமாம் என்றேன். தோல் பையில் சில்லறை குலுங்கினால் கோயில் மணி மண்டைக்குள் அடிக்கும். முன்பு வாயசைவாக மட்டும் தெரிந்த பயணிகளின் முணுமுணுப்புகளும் காதில் விழுந்தன. பெரும்பாலானவை என் வேடிக்கைப் பேச்சைப் பற்றியவை. அவற்றை இங்கே எழுத முடியாது.

நான்கைந்து நாள் போயிருக்கும். ஒரு முகூர்த்த நாள், காலை நடை. திண்டிவனத்திலேயே வண்டி பிதுங்கியது. கூட்டேரிப்பட்டில் இன்னொரு கூட்டம் ஏறி என்னை முன்னால் தள்ளித் தள்ளி, டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியோடு வைத்து நசுக்கிவிட்டது. யாருடைய முழங்கையோ துண்டில் மாட்டி இழுத்தது. காதுக் குமிழ் கழன்று, சட்டைக்குள் வழுக்கி, நேராகச் சோப்பு டப்பாவின் மேல் போய் விழுந்தது.

வீல்!

இது நான் பிறகு தெரிந்துகொண்டது. குமிழ் கழன்ற மறுகணம் நான் பழைய செவிடன். என் நெஞ்சிலிருந்து கிளம்பிய அலறல் முன் பக்கம் இருந்த எல்லோருக்கும் கேட்டது, எனக்கு மட்டும் கேட்கவில்லை. டிரைவர் காதுக்குப் பக்கத்திலேயே விசில் அடித்தால் என்ன செய்வார்? வண்டியை நிறுத்தினார்.

சாலையின் இரண்டு பக்கமும் வயல். இறங்குவார் யாருமில்லை. ஏன் நிற்கிறது என்று எனக்குப் புரியவில்லை. "போலாம் ரைட்!" என்றேன். வண்டி நகர்ந்தது. குமிழ் குலுங்கி டப்பாவை விட்டு விலகும்போது அலறல் நிற்கும். பள்ளத்தில் விழுந்து எழும்போது மறுபடியும் வீல். மறுபடியும் பிரேக். நான் மறுபடியும் "ரைட்!" நகர்ந்தால் மறுபடியும் வீல். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி எழுந்து நின்றார். சந்தேகத்துக்கு இடமில்லாமல் கத்தினார்.

"டேய்! நிறுத்துன்றியா, போன்றியா? காலங்காத்தால இன்னாடா பேஜாரு பண்ற?"

"நான் ஊதவே இல்லண்ணே!"

"ஊதலியா? இப்பக்கூட ஊதிக்கினே நிக்கிறியேடா!"

நான் வாயைத் திறந்து காட்டினேன். விசில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் தயிர்ப் பானையோடு நின்ற அம்மாள், என் மனைவியின் ஊர்க்காரி, என் மார்பையே வெறித்துப் பார்த்துவிட்டு, "அவன் மார்ல ஏதோ பூச்சி கத்துதுய்யா!" என்று பின்வாங்கினாள். பின்வாங்க இடம் ஏது? பத்துப் பேர் சாய்ந்தார்கள். டிரைவர் என் சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சோப்பு டப்பாவை உருவினார். கம்பி பாம்புக் குட்டி போலப் பின்னால் தொங்கியது. அவர் கையிலும் அது அலறியது. "வெடிக்கப் போவுது, தூக்கி வெளிய போடுய்யா!" என்று பின்னாலிருந்து ஒருவர். டிரைவர் உண்மையிலேயே ஜன்னல் பக்கம் கையை ஓங்கிவிட்டார்.

"போடாதீங்க!"

வண்டியே கிடுகிடுத்தது. டீச்சரம்மா கூட்டத்தைக் குடையால் விலக்கிக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கி விசையைத் தள்ளினார். "அது அவர் காது. அவருக்குக் காது கேக்காது. கீழ போட்டீங்கன்னா யார் செஞ்சு குடுக்கறது?"

அதுவும் அவர் வகுப்புக் குரலில் சொன்னதால் எனக்கே கேட்டது. கடைசி சீட் வரைக்கும் கேட்டிருக்கும். எத்தனையோ வருஷம் மூடி மூடி வைத்தது, நட்ட நடு ரோட்டில், ஒரு பஸ் நிறைய ஜனங்களுக்கு முன்னால் உடைந்துவிட்டது. வேலை போயிற்று என்று நினைத்தேன். தயிர்க்கார அம்மாள் பொழுது சாய்வதற்குள் மாமனார் வீட்டில் சொல்லிவிடுவாள். பெண்டாட்டியும் போயிற்று.

டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்டே வந்து, காதருகே குனிந்து கேட்டார்.

"ஏண்டா, இத்தினி வருசமா வண்டி ஓட்டிக்கினே என் ஊட்டுச் சண்டை எல்லாத்தையும் உங்கிட்டதானேடா சொல்லிக்கினு வர்றேன். ஒண்ணும் காதுல விழலியா?"

"இல்லண்ணே. நீ முன்னால பாத்துக்கினு பேசுவ. ஒரு எழுத்துகூட விழல."

அவர் பெருமூச்சு விட்டார். "நல்லதாப் போச்சு" என்று சொல்லி, டப்பாவை டீச்சரம்மாவிடமிருந்து வாங்கி அவரே என் பையில் போட்டார். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "யாரும் மொதலாளிகிட்ட மூச்சு விடாதீங்க. இனிமே டிக்கெட் வாங்கறவங்க இவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. ஜல்தி ஜல்தி, நேரமாச்சு."

அன்று விழுப்புரம் போய்ச் சேரும்வரை நான் தலை நிமிரவில்லை. ஆனால் டிக்கெட் கொடுக்கப் போன இடத்திலெல்லாம் ஒரு கை என் தோளைத் தட்டியது. நிமிர்ந்தால் ஒரு முகம் எனக்கு நேராகத் திரும்பி, வாயை அகலமாகத் திறந்து, ஊர் பெயரைச் சொன்னது. ஒருவர் வாயில் குதப்பிய வெற்றிலையை ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு வந்து சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

கழன்றுபோன ஒரு கம்பியை டீச்சரம்மா அன்று மத்தியானமே பற்றவைத்துக் கொடுத்தார். ஊரறிந்த பிறகு ஒளிப்பானேன் என்று துண்டையும் அவிழ்த்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பகல் நடையில், மனைவியின் ஊருக்குப் பிரிகிற இடத்தில் வண்டி நின்றது. கீழே அவள். இடுப்பில் குழந்தை, பக்கத்தில் தகரப் பெட்டியோடு மைத்துனன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவள் படியேறி என் எதிரே வந்து நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையையே பார்த்தாள். காதுக்குப் போகும் கம்பியைப் பார்த்தாள். தயிர்க்கார அம்மாள் என்ன சொல்லி அனுப்பினாளோ, குனிந்து, பைக்குள் எட்டிப் பார்ப்பது போல என் நெஞ்சுக்கு நேரே வாயை வைத்து, அந்தச் சோப்பு டப்பாவிடம் கேட்டாள்:

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

இதுதான் என் மனைவியின் குரலா? லேசாகக் கரகரப்பு இருந்தது. அது பாட்டரியுடையதா, அழுததாலா என்று தெரியவில்லை. தயாராக வைத்திருந்த பதில்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. வண்டி உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் திரும்பி, "பதில் சொல்லுடா, எல்லாரும் காத்துக்கினு கிறாங்க" என்றார்.

"சொன்னா நீ போயிடுவியோன்னு" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். இந்த முறை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ சொல்லாததாலதானே போனேன்."

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் டிக்கெட் கட்டுமாக நான் நின்ற நிலையைப் பார்த்து, பயணிகளே சில்லறையைச் சேர்த்துக் கொடுத்து, அவர்களே "போலாம் ரைட்" என்றும் சொன்னார்கள். விக்கிரவாண்டி தாண்டியதும் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. முதலில் மெல்ல, பிறகு உரக்க. அது அழுவதை நான் அன்றுதான் முழுசாகக் கேட்டேன். வாங்கிக்கொள்ள மனைவி கையை நீட்டினாள். கொஞ்ச நேரம் அழட்டும் என்று நானே வைத்துக்கொண்டேன்.

அந்தச் சோப்பு டப்பா இரண்டு கோடை தாங்கியது. பிறகு ஒருநாள் பாட்டரியைத் தலைகீழாகப் போட்டு நானே அதைக் கொன்றேன். அதற்குள் டீச்சரம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. கடைசி நாள் பஸ்ஸில் நன்றி சொல்ல ஆரம்பித்தேன். "காலை நடையில பேசாம வர்றதா ஒத்துக்கினீங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கடையில் விற்கும் காது மிஷின் வந்தது, இப்போது காதுக்குள்ளேயே ஒளிந்துகொள்வதும் வந்துவிட்டது. பேரப் பிள்ளைகள் அதை வாங்கி வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வருவதில்லை.

நன்றாகக் காது கேட்கிறவர்களும் சில சமயம் நான் சொன்னதைப் பிடிக்க முடியாமல் "என்ன?" என்று கேட்பார்கள். இரண்டாம் முறையும் கேட்டுவிட்டுச் சங்கடமாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும்; அதனால் வேடிக்கை எதுவும் பேசாமல், அவர்கள் முகத்துக்கு நேராகத் திரும்பி, மூன்றாம் முறையும் நிதானமாகச் சொல்கிறேன்.